பின்னறை எலிகளும் நெட்டியின் மூச்சும்

நெட்டி குக்லர் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவள். ஒஹையோ ஆற்றங்கரையில், பீங்கான் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்த ஊர் அது. வரிசையில் வரும் பிள்ளைகளின் தட்டில் உருளைக்கிழங்கு மசியலை வைக்கும்போது ஒவ்வொன்றிடமும், "வயிறு நிறையச் சாப்பிடு கண்ணு" என்பாள். வேறு பெருமை என்று அவளுக்கு எதுவும் கிடையாது. கர்த்தர் கொடுத்த குரல் ஒன்றுதான். ஞாயிறு ஆராதனையில் பாட்டு நீண்டு போகிற இடங்களில் மற்றவர்கள் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வார்கள். நெட்டியின் குரல் மட்டும் அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கும்.

புருஷன் ஹார்லன் பீங்கான் ஆலையில் சூளை பார்த்தவன். ஆலை மூடிய பிறகு கொஞ்ச நாள் வேலை தேடினான். அப்புறம் தேடுவதை விட்டான். அதற்கும் அப்புறம் எழுந்திருப்பதையே விட்டுவிட்டான். நெட்டி வேலைக்குப் போகும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். திரும்பி வரும்போதும் அதே சுவர்தான். அவள் வைத்துவிட்டுப் போன சூப் ஆடை படிந்து கிடக்கும். கோபித்தால் கோபத்துக்காவது எழுந்து உட்கார மாட்டானா என்று ஒருநாள் கத்திக்கூடப் பார்த்தாள். "சரி நெட்டி" என்றான், சுவரைப் பார்த்தபடியே.

அந்தச் சமயத்தில்தான் மகன் ராய்ஸ் டெக்சாஸில் வேலை கிடைத்துக் கிளம்பினான். போகும்போது தன் பாம்பைக் கண்ணாடிப் பெட்டியோடு விட்டுவிட்டுப் போனான். பயந்தால் பந்து போலச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும் சின்ன ஜாதி மலைப்பாம்பு. அதற்கு பைபிளில் வரும் பொல்லாத ராணி யேசபேலின் பெயரை வைத்திருந்தான்.

"இது உயிரோட இருக்கிற எலியைத்தான் திங்கும்பா. செத்ததைத் தொடாது" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினான்.

ஊரில் எலி விற்ற கடையும் அந்த வருஷமே மூடிவிட்டது. நெட்டி, கம்பெனிக்காரர்கள் ஐஸில் உறையவைத்துப் பையில் போட்டு அனுப்பும் எலிகளை வரவழைத்தாள். மகன் விட்டுப்போனதாயிற்றே என்று ஹார்லன் எழுந்து வந்து, ஒன்றை வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியால் பிடித்து நீட்டினான். யேசபேல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது குளிர்காலம். அந்த ஜாதிப் பாம்புகள் குளிர்காலத்தில் எதையுமே தின்னாமல் மாதக்கணக்கில் கிடக்கும் என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது. "பையன் சொன்னது சரிதான். ஐஸ்ல கிடந்த பொணத்த மகாராணி தொட மாட்டா" என்றான் ஹார்லன். பிறகு எங்கேயோ போய் ஒரு ஆண் சுண்டெலியையும் சில பெண் சுண்டெலிகளையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

எங்கேயோ போய் வந்தான் என்பதுதான் நெட்டிக்கு முக்கியம். பாம்பைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

வீட்டுக்கு அடியிலிருந்த கீழறையில் ஈரம், குளிர். எலி தாங்காது. அதனால் ராய்ஸ் இருந்த பின்னறையில் சுவரோடு பலகைத் தட்டுகள் அடித்தான். பிளாஸ்டிக் தொட்டிகளை அடுக்கினான். ஒவ்வொன்றிலும் மரச்சீவலும் தண்ணீர்க்குப்பியும் வைத்தான். எலி எவ்வளவு சீக்கிரம் பெருகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. வசந்தம் வந்தபோது யேசபேலுக்குப் பசியும் வந்தது. உயிருள்ள எலியைப் பாய்ந்து பிடித்தாள். ராய்ஸ் சொன்னது மறுபடியும் சரியாகிப் போனது. அதற்குப் பிறகு யாரும் ஐஸ் எலியைப் பற்றிப் பேசவில்லை.

எலிக்கு விடுமுறை கிடையாது. தண்ணீர் வைக்க வேண்டும், தீனி வைக்க வேண்டும், ஈன்றவளைத் தனியே பிரிக்க வேண்டும். ஹார்லன் நெட்டிக்கு முன்னால் எழுந்திருக்க ஆரம்பித்தான். பாம்பு வைத்திருக்கும் பிள்ளைகள் சுற்றுவட்டாரத்திலிருந்து எலி கேட்டு வந்தார்கள். கையெல்லாம் பச்சை குத்திய அந்தப் பிள்ளைகளிடம் அவன் உட்கார்ந்து பேசினான். "எலியை உள்ள விட்டுட்டுத் தூங்கப் போயிடாதே. பாம்புக்குப் பசி இல்லேன்னா எலி பாம்பைக் கடிச்சுத் தின்னுடும், ஆமா" என்று கண்டிப்பான். சீட்டியடித்தான். நெட்டி சமையலறையில் நின்று அந்தச் சீட்டியைக் கேட்டுக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். எலியைக் கொண்டும் அவர் கிரியை செய்வார் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை தொட்டி கழுவும் நாள். இருவரும் சேர்ந்துதான் கழுவுவார்கள். அவன் சுரண்டித் தருவான், இவள் தேய்ப்பாள். கல்யாணமான புதிதில் பேசியதற்குப் பிறகு அவர்கள் அவ்வளவு பேசியது அந்தச் சனிக்கிழமைகளில்தான்.

நெட்டிக்கு முதலில் தும்மல் வந்தது. பிறகு கண் அரித்தது. பிறகு ராத்திரிகளில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று கத்துவது போலச் சத்தம் கேட்கத் தொடங்கியது. நன்றி தெரிவிக்கும் பண்டிகைக்குத் தங்கை வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கினாள். இரண்டாம் நாளே பூனைக்குட்டி அடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவுடன் மறுபடியும் கத்தியது. எலியால்தான் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள். பின்னறையிலிருந்து ஹார்லன் கூப்பிட்டான்.

"நெட்டி! வா, வந்து பாரு. நம்ம கிழட்டு எலி பதினாலு குட்டி போட்டிருக்கா!"

"இதோ வரேன்" என்று சொல்லி உள்ளே போனாள்.

அடுத்த வாரம் மருத்துவமனைக்குத் தனியாகப் போனாள். நர்ஸ் கேள்விகளைப் படித்துக்கொண்டே வந்தாள்.

"வீட்டுல பிராணி ஏதாவது இருக்கா அம்மா? நாய், பூனை?"

"ஒரு பாம்பு இருக்கு."

"பாம்பா!" நர்ஸ் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். அப்புறம் சிரித்தாள். "பரவாயில்ல, அதுக்கு ரோமம் கிடையாது. வேற?"

நெட்டி தன் கைப்பையின் வாரைப் பார்த்தாள். "அவ்வளவுதான்" என்றாள்.

பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. மூச்சுத் திணறலுக்கு அவர்கள் கொடுத்த இன்ஹேலரைக் கைப்பைக்குள் கைக்குட்டையில் சுற்றி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் சாமான் அறைக்குள் போயும் சபையில் குளியலறைக்குள் போயும் உறிஞ்சிக்கொள்வாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமலே வெளியே வந்துவிடுவாள்.

பாட்டுக் குழுவில் பக்கத்தில் நிற்கும் ஓபல் யோஸ்ட் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தோழி. ஓபலின் நாக்கு நீளம். ஒரு ஞாயிறு, நீண்ட இடத்தில் நெட்டியின் குரல் பாதியில் அறுந்துபோனபோது அவள் மட்டும்தான் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"சளி."

"ரெண்டு வருஷமாவா சளி? கிட்ட வா." ஓபல் அவள் தோளில் மூக்கை வைத்து முகர்ந்தாள். "எலி மூத்திரம். ஆராதனைக்குப் போட்டுட்டு வர்ற சட்டையில எலி மூத்திரம்! நோவாகூடப் பேழையில ஜோடி ஜோடியாத்தான் ஏத்தினான். உன் புருஷன் கூடை கூடையால்ல ஏத்தறான்."

நெட்டிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ஓபலின் கேலி அதோடு நின்றது.

"அவன்கிட்ட சொல்லு நெட்டி. ஐஸ் எலி வாங்கிப் போட்டா ஆகாதா? உலகத்துல பாதிப் பேரு அதைத்தானே போடறான்?"

"அந்தப் பாம்பு தொடாது."

"தொடாட்டி சாகட்டும்! பாம்புதானே!"

"பாம்புக்காக இல்ல ஓபல்." நெட்டி குரலைத் தாழ்த்தினாள். "எலி இல்லேன்னா அவன் எழுந்திருக்க மாட்டான்."

ஓபல் கோட்டை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டாள்.

அடுத்து வந்த குளிர்காலம் கடுமையாக இருந்தது. காற்று புகாமல் ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார்கள். வசந்தத்தில் கொலம்பஸில் பாம்புச் சந்தை கூடும் என்று ஹார்லன் இன்னும் ஒரு வரிசை தொட்டி சேர்த்திருந்தான். அறைக்குள் போனால் கண் எரியும். மார்ச் முதல் சனிக்கிழமை. அவன் சீட்டியடித்தபடி சுரண்டிக்கொண்டிருந்தான். நெட்டி கையில் அன்று பிறந்த குஞ்சுகள் இருந்த தொட்டி. ரோமமில்லாமல், சிவப்பாக, விரல் நுனி அளவில் நெளிந்தன. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. தொட்டியைக் கீழே போட்டால் தாய் மிரண்டு குஞ்சுகளைத் தின்றுவிடும் என்ற நினைவு அந்த நேரத்திலும் இருந்தது. மெல்லக் குனிந்து, சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். பிறகுதான் அதன் பக்கத்தில் சரிந்தாள். அவன் சீட்டி நின்றது அவளுக்குக் கேட்டது.

மருத்துவமனையில் நெட்டி மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது, சின்ன வயது டாக்டரம்மா ஹார்லனிடம் கேட்டாள்.

"வீட்டுல எலித் தொந்தரவு இருக்கா?"

"தொந்தரவு இல்லைங்க. வளக்கறேன்."

"வளக்கறீங்களா? எத்தனை?"

"எண்ணினதில்ல."

டாக்டரம்மா பேனாவை மூடினாள். எலி மூத்திரம் காய்ந்து தூசியாகி, அந்தத் தூசி மூச்சில் போய் நெஞ்சை அடைக்கிறது என்று நிதானமாகச் சொன்னாள். "எலிங்க போகணும், இல்லேன்னா இவங்க போகணும். ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ வேணாம் சார். அடுத்த தடவை இவங்களால இங்க வந்து சேர முடியாம போகலாம்."

ஹார்லன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். நெட்டி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் வீடு திரும்பியபோது பின்னறை காலியாக இருந்தது. தட்டுகள் இல்லை. சுவருக்கு வெள்ளை அடித்து, தரையை வினிகர் விட்டுக் கழுவியிருந்தான். ஓர் ஆள் தனியாகச் செய்த வேலை என்று நம்ப முடியாது. கீழறை உறைபெட்டியைத் திறந்து காட்டினான். பைபையாகச் செத்த எலிகள் அடுக்கியிருந்தன.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். தொட்டிய மூடி, உள்ள வாயுக்குப்பியத் திறந்துவிட்டேன். அதுங்க தூங்கற மாதிரிதான் போச்சு." உறைபெட்டியை மூடினான். "பேர் வச்சதுங்களைக் கடைசியா போட்டேன்."

நெட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் வினிகர் வாடை அடித்தது.

ஏப்ரலில் வெயில் வந்ததும் யேசபேல் பெட்டிக்குள் அலையத் தொடங்கினாள். ஹார்லன் ஒரு பையை எடுத்து, எலியை வெந்நீரில் இளக்கி, துணியில் ஒற்றி, இடுக்கியால் பிடித்தான். "திங்க மாட்டா. பட்டினி கிடந்து சாகத்தான் போறா" என்றான். நீட்டிய கை முழுதாகக்கூட உள்ளே போகவில்லை, அதற்குள் பாம்பு பாய்ந்து பிடித்துச் சுற்றிக்கொண்டது. செத்த எலியை இறுக்கியது. விழுங்கியது. இன்னும் உண்டா என்று நாக்கை நீட்டியது.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"அவளுக்கு எல்லாம் ஒண்ணுதான் போலிருக்கு" என்றான் ஹார்லன். இடுக்கியைக் கழுவாமலே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

அன்று படுத்தவன்தான். அதற்குப் பின் ஐஸ் எலியை இளக்கி யேசபேலுக்குக் கொடுப்பது நெட்டியின் வேலையானது. வாரத்துக்கு ஒரு எலி, கொஞ்ச நேரத்து வேலை. அதற்காக ஒரு மனுஷன் விடிகாலையில் எழ வேண்டியதில்லை. எலி கேட்டு வந்த பிள்ளைகள் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகு வருவதும் நின்றது.

நெட்டியின் நெஞ்சு தெளிந்தது. ஈஸ்டர் ஆராதனையில் அவள் குரல் பழையபடி அறுபடாமல் போனது. பாட்டு முடிந்ததும் ஓபல் எல்லோர் முன்பும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து நெட்டி சுட்ட பன்றியிறைச்சியும் பீன்ஸும் ஒரு தட்டில் வைத்துப் படுக்கையருகே கொண்டுபோனாள்.

"பாட்டு நல்லா வந்துச்சா?" என்று கேட்டான், சுவரைப் பார்த்தபடி.

"நல்லா வந்துச்சு."

"சந்தோஷம் நெட்டி."

சாயங்காலம் தட்டை எடுக்கப் போனாள். இறைச்சியில் கொழுப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு, ஆராதனைக்கு உடுத்திக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இதைச் சொல்லாமல் இனி ஜெபம் பண்ண முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

"ஹார்லன், நான் உன்கிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன். எலியாலதான்னு எனக்கு முன்னாடியே தெரியும். நர்ஸ்கிட்ட மறைச்சேன். உன்கிட்டயும் மறைச்சேன். நீ அதை நினைச்சு வருத்தப்படாதே. தெரிஞ்சேதான் இருந்தேன்."

அவன் சுவரிடம் சொல்வது போலச் சொன்னான்.

"எனக்கும் தெரியும்."

"என்ன தெரியும்?"

"போன வருஷம் இலை உதிர்ற நேரத்துல வண்டிச் சாவி தேடினேன். உன் பையில இன்ஹேலரைப் பாத்தேன். அதுக்கு முந்தின பாம்புச் சந்தையில ஒருத்தன் சொல்லியிருக்கான், அவன் பொண்டாட்டிக்கும் இப்படித்தான் ஆச்சுன்னு. பாத்ததுமே புரிஞ்சுபோச்சு." அவன் தோள் அசையவில்லை. "கைக்குட்டையைப் பழையபடி சுத்தி வச்சிட்டேன். கொலம்பஸ் சந்தை முடியட்டும்னு நினைச்சேன். அப்புறமும் ஏதாவது ஒண்ணு முடியட்டும்னு நினைச்சிருப்பேன்."

வாசலில் ஓபலின் கார் வந்து ஹாரன் அடித்தது.

"போ. ஓபல் வந்துட்டா" என்றான்.

நெட்டி எழவில்லை. கோபம் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. இலையுதிர் காலத்திலிருந்து பனி முடியும்வரை எத்தனை ராத்திரிகள் என்றுதான் மனம் போனது. தான் ஒருத்திதான் விழித்திருப்பதாக நினைத்து, அவன் தூக்கம் கெட்டுவிடக் கூடாதென்று தலையணையில் வாயைப் புதைத்து இருமியிருந்தாள். அத்தனை ராத்திரியும் அவன் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு இருமலையும் கேட்டபடி படுத்திருந்திருக்கிறான்.

ஹாரன் மறுபடியும் அடித்தது. சற்று நேரம் கழித்து, கார் தனியாகக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.