சிரிப்பு சேர்த்த எபிசோடு

கொலைப் படங்களைப் பற்றி நானும் நண்பனும் காஞ்சிபுரத்தில் நடத்தும் பாட்காஸ்டுக்குச் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் பேச வந்தார். பட்டுக்குச் சாயம் தோய்த்துத் தோய்த்து, கைகள் மணிக்கட்டு வரை அரக்குச் சிவப்பு. குரல் மட்டும்தான் பதிவாகும் என்று சொல்லியும் கைகளை மேசைக்கடியிலேயே வைத்திருந்தார்.

“எந்த சீன்ல ரொம்ப பயந்தீங்க?” என்றேன்.

“சீன்ல இல்லபா. ஒரு படத்துல கொலைகாரன் தொரத்துறான், பொண்ணு கத்திக்கினு ஓடுது, தியேட்டர்ல அத்தினி பேரும் சிரிக்கிறானுங்க. அதான் பயமா இருந்துச்சு.”

அந்தப் பதிலுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்தேன். அவர் கிளம்பும்போது அவருக்குத் தெரியாமல் எடுத்த கைகளின் படத்தைப் போட்டு, ‘கொலைகாரன் பேசுகிறான்’ என்று தலைப்பு வைத்தோம்.

மறுநாள் போன் செய்தார்.

“கேட்டேன்பா. அதே சிரிப்புதான்.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த எபிசோடை நீக்கியிருப்பேன்.