நான் பாதி விழுங்கிய கேள்வி

அம்மாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்பது அம்மாவைத் தவிர எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் காவலாளிக்குக்கூடத் தெரியும். சொன்னால் ஆள் உடைந்துவிடுவார் என்று கனடாவிலிருந்து அண்ணா உத்தரவு போட்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை மட்டும் பக்கத்தில் இருந்த என்னிடம் விட்டிருந்தார். அம்மாவுக்கு அது சளி. ஐந்து மாதமாகச் சளி.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு வருடம். மரக்கறியிலிருந்து மருந்து வரை காலி வீதியில் தமிழிலேயே வாங்கலாம் என்பதால் சிங்களம் அவருக்குத் தேவைப்படவே இல்லை. ஆஸ்பத்திரியில்தான் தேவைப்பட்டது. அங்கே அவருடைய வாயும் காதும் நான்.

ஒருநாள் காலை டொக்டர், ஓர் இளம் சிங்களப் பெண், கதிரையை இழுத்துப்போட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நோய் இனிக் குணமாகாது என்றார். மூச்சு நிற்கும் நிலை வந்தால் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் போடுவதா, அல்லது வலி தெரியாமல் மட்டும் பார்த்துக்கொள்வதா என்று அம்மாவிடமே கேட்க வேண்டும், அவர் சொல்வதைக் கோப்பில் எழுத வேண்டும் என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"மூச்செடுக்கக் கஷ்டமா வந்தா உதவி செய்யட்டோ எண்டு கேக்கிறா, அம்மா."

"ஓம், செய்யட்டுமன். இதையும் கேட்டோ செய்யிறது?"

டொக்டரைப் பார்த்துச் சிரித்துத் தலையையும் ஆட்டினார். எல்லாவற்றையும் சொன்னீர்களா என்று டொக்டர் என்னிடம் கேட்டார். சொன்னேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அண்ணாவிடம் இதை ஒரு சாமர்த்தியம்போலச் சொன்னேன். அவர் மெச்சியபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

ஆறாம் நாள் மத்தியானம் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. கோப்பில் இருந்தபடியே செய்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் பார்க்கும்போது வாயில் குழாய். அதைப் பிடுங்கப் பார்த்தார் என்று இரண்டு கைகளையும் துணிப்பட்டியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். எனக்குச் சோறு ஊட்டிய கைகள் என்றெல்லாம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. கட்டியது தாதி இல்லை, நான்தான். தான் வரும்வரை எப்படியாவது வைத்திருக்கச் சொன்னார் அண்ணா. வைத்திருக்க அம்மா என்ன ஊறுகாயா என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

அடுத்த நாள் மயக்க மருந்தைச் சற்றுக் குறைத்தபோது அம்மா எழுத வேண்டும் என்று விரல்களால் காட்டினார். தாதி வலக்கையை அவிழ்த்துவிட்டு, பேனாவும் அட்டையும் கொடுத்தார். எழுத்துகள் சரிந்து சரிந்து வந்தன.

"காணும். கழட்டச் சொல்லு."

ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்து, போதுமாம், கழட்டட்டாம் என்று அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அன்று கேள்வியில் பாதியை விழுங்கிவிட்டதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மருந்து மயக்கத்தில் எழுதியதை ஏற்க முடியாது, தெளிவாக இருந்தபோது அவரே சம்மதித்தது கோப்பில் இருக்கிறது, பொருத்திய மெஷினை எடுக்கத் தனக்கு அதிகாரமும் இல்லை என்றார். குரல் தணிந்திருந்தது.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் என்ன சொன்னார் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

"நாளைக்குக் கழட்டுவினமாம், அம்மா," என்றேன்.

அம்மா தலையை ஆட்டினார். கட்ட வந்த தாதியிடம் கையைத் தானே நீட்டினார்.