கிணற்றுக்குள் வைத்த வைன் போத்தல்

என் மனைவிக்கு ஒரே ஒரு அண்ணன். பாரிசில் இருக்கிறார். ஒரு வேலி எல்லை விஷயத்தில் என்னோடு கோபித்துக்கொண்டு வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தவர், போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது தானாகவே எங்கள் வீட்டுப் படியேறி, ஒரு வைன் போத்தலை என் கையில் தந்தார். மனைவி அடுப்படிக்குள் போய் அழுதாள். எனக்குப் போத்தலைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"மச்சான், இது குடிக்கிறதுக்கில்லை. அந்த வருஷம் அங்கை பனி கொட்டி முந்திரிகை எல்லாம் கருகிப்போச்சு. கொஞ்சப் போத்தல்தான் வந்தது. அதாலை விலை ஏறிக்கொண்டே போகுது. நான் இஞ்சையே வந்து குடியிருக்கும் வரைக்கும் நீர் பத்திரமா வைச்சிரும். வெக்கை படக்கூடாது. வெளிச்சம் படக்கூடாது. ஆட்டக்கூடாது" என்றார்.

திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம். நானும் இங்கே வலிகாமத்தில் முந்திரிகைத் தோட்டம் செய்கிறவன்தான். இந்த வருஷம் எனக்கும் விளைச்சல் படுத்துவிட்டது. பூக்கிற நேரம் பார்த்து மழை கொட்டி, பந்தலில் இலைதான் மிஞ்சியது. கிடைத்ததைச் சந்தைக்குக் கொண்டுபோனால், வியாபாரி வெளிநாட்டுப் பழப்பெட்டியைக் காட்டி, "உங்கடை சின்னப் பழம் அண்ணை" என்று விலையைக் குறைத்தான். பிரான்சில் விளையாவிட்டால் விலை ஏறுமாம். வலிகாமத்தில் விளையாவிட்டால் இறங்குமாம். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

ஆனாலும் கைக்கு வந்த நாளிலிருந்தே போத்தலைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிரிட்ஜுக்குள் வைக்க மனைவி விடவில்லை. சாமிக்குப் படைக்கிற பால் அங்கேதான் இருக்கிறதாம். கட்டிலுக்கடியில் வைத்தேன். மத்தியானம் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது. கடைசியில் தோட்டக் கிணறு ஞாபகம் வந்தது. குளிர், இருட்டு, அசையாத தண்ணீர். வெங்காயம் போடுகிற வலைப்பையில் போத்தலைப் போட்டு, நைலோன் கயிற்றில் கட்டி இறக்கினேன். பம்ப் போட்டால் தண்ணீர் ஆடும் என்று, பக்கத்துத் தோட்டக்காரரிடம் தண்ணீர் கேட்டு என் கொடிகளுக்கு விட்டேன்.

"ஏன், உன்ரை கிணறு வத்திட்டுதோ?" என்றார் அவர்.

"வத்தேல்லை. ஆட்டக்கூடாதாம்."

அதற்குப் பிறகு அவர் என்னை ஒரு மாதிரித்தான் பார்த்தார்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு மச்சான் வந்தார். தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன்பே, "போத்தலைக் காட்டும்" என்றார். பெருமையோடு கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். கயிற்றை இழுத்து எடுத்தால், போத்தல் பளபளவென்று குளித்துவிட்டு வந்தது. அதன்மேல் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

"லேபிள் எங்கை?"

"ஊறிப் போட்டுது போல. வைன் உள்ளைதானே இருக்கு?"

"லேபிள் இல்லாட்டி இது எந்த வருஷமெண்டு ஆருக்குத் தெரியும்? இனி இதை ஆரும் வாங்கமாட்டினம்."

மனைவி போத்தலைப் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் வருஷக்கணக்காகப் பேச்சில்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மச்சான், லேபிளோடை இருக்கிறது உலகத்திலை இன்னும் கொஞ்சம் இருக்கும். லேபிள் இல்லாதது இது ஒண்டுதானே. உங்கடை கணக்குப்படி இதுக்கெல்லோ விலை கூட?"

அவர் போத்தலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார்.

"கத்தி இருக்கோ?"

மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். கத்தி போத்தல் தக்கையைக் கிண்டி எடுக்கத்தான்.

சில்வர் பேணியில் ஊற்றி இருவரும் குடித்தோம். போத்தல் போத்தலாக வாங்கி வைக்கிற மனிதர், அப்படி ஒன்றை அன்றைக்குத்தான் முதல்முறை வாயில் வைத்தாராம். முகம் கோணிப்போனது.

"கசாயம். வாய்க்குப் போட ஏதும் இருக்கோ?"

மனைவி பந்தலுக்குள் ஓடி, இலை மறைவில் கிடந்த கடைசிக் குலையைப் பறித்துக்கொண்டு வந்தாள். மச்சான் ஒவ்வொரு பழமாகப் பிடுங்கித் தின்றார். விதையைத் துப்பத் தன் கையை நீட்டிக்கொண்டு மனைவி பக்கத்தில் நின்றாள். எனக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"அடுத்தமுறை வரேக்கை எனக்கு ரெண்டு குலை வைச்சிரும்" என்றார் மச்சான். "வெயிலிலை கிடந்தாலும் பரவாயில்லை."

போன வருஷம் போலவே மனைவி அடுப்படிக்குள் போனாள். எதற்கென்று எனக்குத் தெரியும்.