வாடிக்கு என் மச்சாளை அனுப்பிய அம்மாள்

கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, நான் சாகக் கிடந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தோசத்தைச் சொல்லத்தான் எனக்கு எப்போதும் அவசரம். ஆனால் இது இல்லாமல் அது விளங்காது.

அது பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்திய ஒரு வைகாசி. கல்யாணம் முடித்துக் கொஞ்சக் காலம்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் ஊர். மார்கழியில் எனக்கு நடுக்கக் காய்ச்சல் வந்து எலும்பும் தோலுமாக ஆக்கிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு மாதக் குளிப்பு ஒழுங்கில்லை. ஒன்று வரும், அடுத்தது பிந்தும். அதனால் சித்திரையில் வராதபோது வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. சோறு கொதிக்கும் மணம் எனக்குக் குமட்டியது. மார்பு கனத்து நொந்தது. நான் வாயே திறக்கவில்லை. முழுகாமல் இருக்கிறேன் என்று ஊர் பேசி, பிறகு இல்லையென்று ஆனால் எந்த முகத்தோடு கிணற்றடிக்குப் போவது?

வைகாசியில் கண்ணகி அம்மாளின் கோயில் கதவு திறந்தது. எங்கள் ஊரில் அது வருசத்துக்கு ஒருதரம்தான் திறக்கும். திறந்ததிலிருந்து கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை மாதத் தூரமான பெண்கள் ஊருக்குள் இருக்கக்கூடாது. வயற்காவலுக்குக் கட்டிய ஓலை வாடி ஒன்று வாவிக்கரையில் இருந்தது. அங்கே போய் இருக்கவேண்டும். சோறு கொண்டுவருகிறவர்கள் வரம்பில் வைத்துவிட்டுத் திரும்புவார்கள். நுளம்புக்கடி என்றால் அப்படி ஒரு கடி, மாடே படுக்காது.

கதவு திறந்த மறுநாள் எனக்கு இரத்தம் பட்டது.

"பிந்தின தூரம்தான் மனே," என்றார் என்னைப் பெற்ற அம்மா. "காய்ச்சல்ல கட்டுப்பட்டதெல்லாம் இப்ப இறங்குது. நல்லதுக்குத்தான்."

என் வீட்டுக்காரர் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் கூடாது. நான் தனியே வாடிக்குப் போனேன்.

அங்கே வந்த நோவு நான் அறியாத நோவு. இடுப்பிலிருந்து அலை அலையாக வந்து அடிவயிற்றைப் பிழிந்தது. துணி தாங்கவில்லை. கட்டி கட்டியாக விழுந்தது. அம்மா வரம்பில் நின்று கூப்பிட்டார்.

"எப்படி மனே இரிக்கு?"

"நோவு கூடம்மா."

"பிந்தினா நோகும்தானே. கஞ்சி வெச்சிரிக்கன், குடி."

நானும் நம்பினேன். பிந்தினால் கூடத்தான் போகும் என்று நினைத்தேன். பிறகு குளிரும் காய்ச்சலும் பிடித்தது. எழும்பினால் கண் இருட்டியது. என்னிலிருந்து வந்த மணம் எனக்கே பொறுக்கவில்லை. கோயில் பறை வயல் தாண்டிக் கேட்டது. தூரத்தோடு அம்மாளின் பெயரை வாயில் எடுக்கக்கூடாது என்று வளர்த்திருந்தார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். செத்தாலும் இப்படித் தீட்டோடுதான் சாவேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுகையோடு பெயரும் வந்துவிட்டது.

"அம்மாளே, தீட்டோடதான் கூப்பிடுறன். கோவிச்சாலும் பரவாயில்ல. ஆரையாவது அனுப்பு தாயே. என்னத் தொடக்கூடிய ஆரையாவது அனுப்பு."

விடிந்தபோது வரம்பில் ஒரு ஏச்சுச் சத்தம். என் மச்சாள் பாக்கியம், என் வீட்டுக்காரரின் அக்கா. அவ வாய் திறந்தால் வயலில் நிற்கிற கொக்கும் எழும்பும். பிள்ளை இல்லாதவ. முதுகுக்குப் பின்னால் ஊர் அவவை மலடி என்றுதான் சொல்லும். பிள்ளை வரம் கேட்டு அந்த வருசம் கோயிலுக்கு நெல் நேர்ந்திருந்தா.

"இன்னும் நாள் கிடக்க எனக்கு முந்தி வந்திட்டுகா! நேந்த நெல்ல இனி ஆரு கொண்டு போறது? உங்கட அம்மாளுக்கு என்னில அப்பிடி என்ன கோவம்?"

வாடிக்குள் குனிந்து வந்தவ என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினா. அவவும் தூரம், நானும் தூரம். தொடுவதற்குத் தடையில்லை. நெற்றியில் கை வைத்தா.

"கடைசியா எப்ப குளிச்சநீ?"

"பங்குனியில."

"மார்பு கனத்ததா? சோத்து மணம் பிடிச்சதா?"

"கனத்தது. மணம் பிடிக்கல்ல."

"இது எப்பயும் போலயா வந்த?"

"இல்ல மச்சாள். கட்டியா வந்த. வெள்ளையாத் தசை போல ஒண்டும் வந்த."

மச்சாள் என் பக்கத்தில் இருந்துவிட்டா. "இது பிந்தின தூரம் இல்லகா. புள்ள அழிஞ்சிரிக்கு. மிச்சம் உள்ளுக்குக் கிடக்குப்போல, அதான் காய்ச்சல்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு இதே வாடியில மூண்டுதரம் பிந்தின தூரம் வந்திரிக்கு. மலடி எண்டு சொல்றாங்கதானே? நான் மலடியில்ல."

அம்மா கஞ்சியோடு வந்ததும் மச்சாள் வரம்புக்கு ஓடினா.

"மாமி, வள்ளம் பிடிக்கோணும். இவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

"கதவு திறந்து கிடக்கக்குள்ள தூரமானவளத் தூக்கிக்கொண்டு திரியிறதா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் செத்த வீட்டுக்கு வரும் மாமி. வந்து சோறும் திண்டிட்டுப் போகும்."

கஞ்சிச் சட்டி வரம்பில் விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. அம்மா வாடிக்குள் வந்து என்னைத் தூக்கினார். அந்த நிமிசத்தோடு அவரும் அந்த வருசம் கோயிலுக்குப் போகமுடியாதவரானார்.

வாவியில் காத்தான்குடி முஸ்லிம் காக்கா ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். அம்மா தயங்கித் தயங்கித் தீட்டு என்று சொன்னார். "வள்ளத்த வாவி கழுவும் உம்மா, புள்ளய ஏத்துங்க," என்றார் அவர். அவர் முகம் எனக்கு நினைவில்லை. அந்தக் குரல் இருக்கிறது.

புளியந்தீவு ஆஸ்பத்திரியில் உள்ளே தங்கியதை எடுத்துத் துப்புரவாக்கினார்கள். இன்னும் பிந்தியிருந்தால் நான் இல்லை என்றார் டாக்டர். நான் மருத்துவத்தாதியிடம் கேட்டேன், எப்படிப் பிரித்து அறிவது என்று. காய்ச்சல், கவலை, மெலிவு இவற்றாலும் மாதம் பிந்தும், அது வரும்போது அநேகமாக வழக்கம்போல வந்து அடங்கும் என்றா. பிந்திய பிறகு வழக்கத்தை மிஞ்சிய நோவு, கட்டி, தசை, மயக்கம், காய்ச்சல் என்று கண்டால் கரு அழிந்ததென்று நினைத்து ஓடிவர வேண்டும் என்றா. "சிலநேரம் பார்க்காம எங்களுக்கே தெரியாது. நீங்க வீட்டில இருந்து முடிவெடுக்காதீங்க," என்றும் சொன்னா.

உயிர் தப்பினேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள் மட்டும் கட்டிலடியில் வந்து, "அழுகா. ஒண்டு போயிரிக்கு. எனக்குப் போனப்ப என்ன ஒருதரும் அழவிடல்ல. நீ அழு," என்றா. இரண்டுபேரும் அழுதோம்.

நான் அம்மாளிடம் கேட்டதை அவவுக்குச் சொன்னபோது, "அதுக்கு என்ட நேத்தியக் கெடுத்துத்தான் அனுப்போணுமா? வேற ஆளே கிடைக்கல்லயா அவவுக்கு?" என்று அழுகைக்குள்ளே சிரித்தா. கிடைக்கவில்லைதான். தொடக்கூடிய ஆள், கண்டதும் அறியக்கூடிய ஆள், அவ ஒருத்திதான்.

பிறகு எனக்கு மூன்று பிள்ளைகள். பேரப்பிள்ளைகள் இப்போது என்னை இருக்கவிடுவதில்லை, அந்தச் சந்தோசத்தை என்னவென்று சொல்வேன்! மச்சாளுக்குக் கடைசிவரை பிள்ளை இல்லை. அந்தக் குறையை அம்மாளிடம் இன்றும் சொல்லித்தான் கும்பிடுகிறேன். மலடி என்ற சொல் மட்டும் எங்கள் வீட்டுப் படியேறியதில்லை.

கதவு திறக்கிற காலத்தில் வாடிக்கு இப்போது நானே சோறு கொண்டுபோகிறேன். வரம்பில் வைப்பதில்லை. உள்ளே போய், அங்கே இருக்கிற பெண் பிள்ளைகளின் பக்கத்தில் இருந்து, மச்சாள் கேட்ட கேள்விகளைக் கேட்பேன். பிறகு வாவியில் முழுகிவிட்டு வருவேன்.

பெண் பிள்ளைகளே, எந்த நிலையில் கிடந்தாலும் அம்மாளைக் கூப்பிடுங்கள், வாயை மூடாதீர்கள். அவ ஆளை அனுப்புவா. வந்த ஆள் எவ்வளவு வாய்க்காரியாக இருந்தாலும், எழும்பி அவவோடு வள்ளத்தில் ஏறுங்கள்.