குள்ளர் போடாத கையெழுத்து

டாங்கி ஓட்ட நெட்டையான ஆள் ஆகாது. ஊரே கேலி செய்த உயரத்தை வைத்துக்கொண்டு என் அக்கா வீட்டுக்காரர் படையில் இருபது வருடம் டாங்கி ஓட்டினார். எல்லாருக்கும் அவர் குள்ளர், எனக்கு அத்தான். ஒருமுறை சண்டையில் வண்டி தீப்பிடித்தது. தலைக்கு மேலிருந்த மூடி சட்டென்று திறந்ததால் உயிர் தப்பினார், சேதம் ஒரு காதோடு போயிற்று.

பிறகு டாங்கி ஆலையில் சோதனை ஓட்டுநர் ஆனார். நானும் அங்கேதான் வெல்டர். புது டாங்கி ஒன்று வந்தது. நீளமான பீரங்கி, தடித்த கவசம். மேலிடமே வாயைப் பிளந்தது. அத்தான் மட்டும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பீரங்கிக் குழல் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நின்றுவிட்டால், ஓட்டுநரின் மூடி அதில் இடித்துக்கொண்டு திறக்கவில்லை.

அன்றிரவு வீட்டில் அத்தான் கொதித்தார். "உலகத்துல வந்த முதல் டாங்கியில எட்டுப் பேர் எஞ்சின் பக்கத்துலயே புகையைக் குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நூறு வருஷத்துல தகடு தடிச்சுது, பீரங்கி நீண்டுது. உள்ள இருக்கறவன் நினைப்பு மட்டும் எவனுக்கும் வரல!"

"போட்டுத் தொலைங்களேன். வேலை போயிடும்," என்றாள் அக்கா.

"போகட்டும். வேலைதானே, உசுரா?"

மறுநாள் வடிவமைப்பாளரே வந்தார். டாங்கியை வரைந்தவர், உள்ளே ஒருநாளும் உட்காராதவர்.

"குழலைத் திருப்பினா மூடி திறந்துடப் போகுது. இதைப் போய் பெரிசு பண்றீங்களே!"

"உட்கார்ந்து பாருங்க சார்."

மனிதர் உடம்பை மடித்துக்கொண்டு இறங்கி மூடியைச் சாத்தினார். அத்தான் மேலே பீரங்கிக் கூண்டில் ஏறி, கைச்சக்கரத்தைச் சுற்றிக் குழலை இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்.

"சார், வண்டி எரியுது! சுடறவன் செத்துட்டான், குழலைத் திருப்ப ஆளில்ல. வெளிய வாங்க!"

அவர் முட்டினார், மோதினார், கத்தினார். அத்தான் இருபது வரை நிதானமாக எண்ணினார். அதன் பிறகே குழலைத் திருப்பினார்.

அதிகாரியை அடைத்துவைத்ததற்கு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். அத்தான் ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: "மூடி திறக்காததற்கு வருந்துகிறேன்." அந்த வரிக்காக அவரைப் பெயிண்ட் கொட்டகைக்குத் தள்ளினார்கள். அவரோ விசிலடித்துக்கொண்டு பெயிண்ட் அடித்தார்.

எட்டு மாதம் கழித்து, மூடி பக்கவாட்டில் நகரும்படி மாற்றிய டாங்கி வந்தது. கையெழுத்துப் போட வேறு ஓட்டுநர்கள் வரிசையில் நின்றார்கள். வடிவமைப்பாளர் அவர்களைத் தாண்டி, தாளும் பேனாவுமாக நேரே பெயிண்ட் கொட்டகைக்கு வந்தார்.

"இப்போ போடுவீங்களா?"

அத்தான் பேனாவைத் தொடவே இல்லை. பெயிண்ட் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"முதல்ல உள்ள உட்கார்ந்து பார்க்கறேன். நீங்க மேல ஏறி எண்ணுங்க."