மயக்க மருந்து டொக்டர்

சின்ன வயதில் தொண்டை நோவோடு வந்த ஒரு காய்ச்சல் என் தங்கச்சியின் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அது தெரியவந்தபோது அவள் ஒரு பிள்ளைக்குத் தாய். யாழ்ப்பாணத்து அரியாலையில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்குவாள். வால்வை மாற்றாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்கு வாய்த்தது அரசாங்க ஆஸ்பத்திரிதான். வெட்டுகிற டொக்டர் இருந்தார். இந்த ஒப்பரேசனுக்கு மயக்க மருந்து கொடுக்கப் பழகினவர் ஒரே ஒருவர். இளம் ஆள், பகிடிக்காரர். "நான் நித்திரையாக்கினா வீட்டுக்காரர் கத்தினாலும் எழும்பமாட்டியள் அக்கா" என்று வார்டில் வந்து சொன்னார். தங்கச்சி கனநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த முறை வந்தபோது அவர் பகிடி விடவில்லை. நாடி பார்த்தார். பிறகு, "அப்ப நான் போறன் அக்கா" என்றார்.

எங்களுக்கு விறைத்துப்போனது. கடைக்குப் போகிற பிள்ளைகூட இங்கே 'போட்டு வாறன்' என்று, திரும்பி வருவேன் என்கிற மாதிரித்தான் சொல்லும். செத்தவீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போவோம். நோயில் கிடக்கிற வருத்தக்காரியின் முகத்தைப் பார்த்து யாராவது போறன் என்பார்களா?

"போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ டொக்டர்" என்று தங்கச்சி திருத்தினாள்.

"பொய் சொல்ல மனமில்லை அக்கா. குடும்பத்தோடை இங்கிலாந்துக்குப் போறன்."

விறாந்தையில் அவரை மறித்துக் கையைப் பிடித்தேன். இவளை மட்டும் முடித்துவிட்டுப் போங்கோ என்று வெட்கமில்லாமல் கெஞ்சினேன். "நான் நிண்டாலும் மருந்து இல்லை, சாமான் இல்லை அக்கா" என்றார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. திட்ட வாய் வரவில்லை. ஆனால் அவரைக் கூப்பிட்டெடுத்த நாட்டை இன்றைக்கும் திட்டுகிறேன். இல்லாதவன் வீட்டுப் பானையில் கைவிட்டு அள்ளிவிட்டு, அவராகத்தானே வந்தார் என்று சொல்ல அவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

ஆள் வரட்டும் என்று ஒப்பரேசனைத் தள்ளிப்போட்டார்கள். அவளுடைய கால்கள் வீங்கத் தொடங்கின.

அப்போதுதான் லண்டனில் இருக்கிற எங்கள் அண்ணை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து வீடியோவில் வந்தார். முழங்கால் மாற்றியிருந்தார்கள். "மயக்க மருந்து தந்தது எங்கடை யாழ்ப்பாணப் பொடியன். தமிழிலை கதைச்சுக் கதைச்சே நித்திரையாக்கிப்போட்டார்!" என்று பெருமையாகச் சொன்னார். அது அவரா, வேறொருவரா என்று நான் கேட்கவில்லை.

தங்கச்சி போனை வாங்கினாள். "நொந்ததோ அண்ணை?"

"ஒண்டுமே தெரியேல்லை. உனக்கு எப்ப ஒப்பரேசன்?"

"மயக்கிற டொக்டர் இல்லையாம் அண்ணை" என்றாள். மூச்சு வாங்கியது. "ஆரும் வந்தாச் செய்யலாமாம்."

அண்ணை எங்களைப் பார்க்காமல் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.