கோயில் மைக்கில் வாசிக்காத துண்டு

பூசை முடிந்து அறிவித்தல் வாசிக்கும் முன் சவிரிமுத்து அண்ணை மைக்கை நகத்தால் இருமுறை தட்டுவார். யாழ்ப்பாணக் கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் இருபது வருடமாக அவர்தான் வாசித்து வந்தார்.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு ஒரு வேட்பாளரின் ஆள் ஜெரிசன் ஒரு துண்டை நீட்டினான். ‘பங்குச் சுவாமியின் ஆசி பெற்றவருக்கே வாக்களியுங்கள்.’

“நான் வாசிக்கமாட்டன். உவருக்கு வோட்டுப் போடாத சனமும் இஞ்சைதான் பூசைக்கு வருது.”

“சுவாமியே ஓம் எண்டிட்டார். நீங்கள் என்ன, பாப்பரசரோ? வாசிக்காட்டி இனி மைக் உங்களுக்கில்லை.”

“கலியாண ஓலை வாசிச்சா, இந்தக் கலியாணத்துக்குத் தடை தெரிஞ்சவை சொல்லுங்கோ எண்டு கேக்கிறனான். உன்ரை ஆளுக்கும் அப்பிடியே கேப்பன். சம்மதமோ, தம்பி?”

ஜெரிசன் துண்டை மடித்துக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு அறிவித்தலை வேறொருவர் வாசித்தார். அண்ணை கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வேட்பாளருக்கே அண்ணை வாக்களித்தார் என்பதை, பல நாள் கழித்து அவர் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.